தறிக்கணக்கு: பேரேட்டில் அன்று, எக்செலில் இன்று

காஞ்சிபுரத்துப் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் பாவும் ஜரிகையும் எடை போட்டுத்தான் நெசவாளர் கைக்குப் போகும். சேலை திரும்பி வந்ததும் மறுபடி தராசு. பாஸ்புக்கில் ஒரு பதிவு, பேரேட்டில் ஒரு பதிவு. பேரேட்டிலிருந்து கூலிப் பட்டியலுக்கு எடுத்தெழுதும்போது ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர் டிக் போட்டு வருவார். பக்கக் கூட்டல் இடித்தால் இருவரும் நாற்காலியை விட்டு எழ முடியாது.

இன்று கூலி வங்கிக் கணக்கில் ஏறுகிறது. எக்செல் பட்டியலைச் சிஎஸ்வி கோப்பாக்கி இன்னொரு மென்பொருளில் ஏற்றினால் நொடியில் முடிந்துவிடும். நடுவே யாரும் வாசிப்பதில்லை. கணக்கு எண்ணின் முன்னால் நிற்கும் சுழியங்கள் உதிர்கின்றன. 16 இலக்க எண்ணை எண்ணாகவே அடித்தால் எக்செல் 15 இலக்கத்தைத்தான் காப்பாற்றும். கடைசி இலக்கம் சுழியமாகிவிடும். 12 இலக்க ஆதார் எண் திரையில் சுருங்கித் தெரியும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் மறைந்த இலக்கங்கள் திரும்பக் கிடைக்காது. தமிழ்ப் பெயர்களின் பாடு இன்னும் மோசம். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்கும் முன் பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்தவை வேறு கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் இருந்தாலும் சாதாரணச் சிஎஸ்வியில் பெயர் முழுக்கக் கேள்விக்குறி. யுடிஎஃப்-8 சிஎஸ்வி என்று பார்த்துச் சேமிக்க வேண்டும்.

தவறான எண்ணுக்குப் போன கூலி பெரும்பாலும் திரும்பி வந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். பட்டியலிலிருந்தே விழுந்த வரிக்கு அந்தக் குரலும் இல்லை. 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் இப்படித்தான் கணக்கிலிருந்து நழுவின. பழைய எக்செல் கோப்பு 65,536 வரிக்கு மேல் தாங்காது, மிச்சம் வெட்டுப்பட்டது. ஒரு வாரம் வரை, தொற்றியவர்களோடு பழகியவர்களைத் தேட ஆள் போகவில்லை.

டிக் போட்ட அந்த இரண்டாவது ஆளை நாம் விட்டிருக்கவே கூடாது. எண்களை அடிக்குமுன் அந்தப் பத்தியை 'உரை' வகைக்கு மாற்றுங்கள். சிஎஸ்வியை இருமுறை சொடுக்கித் திறக்காமல், எக்செலின் தரவு இறக்குமதி வழியாகக் கொண்டுவந்து அங்கேயும் 'உரை' என்றே தேருங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் தனியே வையுங்கள். ஏற்றிய பிறகு மூன்றைப் பாருங்கள்: வரி எண்ணிக்கை, கூலியின் மொத்தத் தொகை, 'லென்' சூத்திரம் காட்டும் கணக்கு எண்ணின் நீளம். மூன்றும் இரு பக்கமும் ஒத்துப்போன பிறகுதான் பட்டியல் வங்கிக்குப் போக வேண்டும். ஒரு வரி குறைந்தால், அந்த வரிக்குரிய வீட்டில் ஒரு சேலையின் உழைப்புக்குக் கூலி வராது.