நெட் துணிமேல் ஊசி லேஸ்

இந்த லேஸ் பூவின் ஓரத்தை நெருங்கிப் பாருங்கள். சட்டைக்குக் காஜா எடுக்கும் அதே தையல்தான். ஆனால் தாங்கிப் பிடிக்க அடியில் துணி கிடையாது. இரண்டு மடிப்புத் துணிமேல் படம் வரைந்த தாளை வைத்து, கோட்டின்மீது நூலைக் கிடத்தித் தற்காலிகமாகத் தைப்பார்கள். அந்த நூலை மட்டுமே பற்றிக்கொண்டு, உள்ளே கண் கண்ணாக ஊசியால் நிரப்புவார்கள். பிறகு இரு மடிப்புக்கும் நடுவே தற்காலிகத் தையலை வெட்டினால் பூ தனியே வரும். பெரிய படைப்புக்கு இத்தகைய பூக்களை நெட்டில் பரப்பித் தைப்பார்கள்.

தமிழ்நாட்டில் லேஸ் என்றால் நாகர்கோவில். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1819-இல் அங்கு வந்த மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா, பெண்களுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார். அது வேறு வகை: திண்டில் குண்டூசி குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை முறுக்கிப் பின்னுவது. அடிமைப்பட்டிருந்த பெண்கள் சிலர் லேஸ் பின்னிக் கிடைத்த கூலியைக் கொண்டே தங்கள் விடுதலையை வாங்கினார்கள். நம் லேஸ் வரலாற்றில் முதலில் சொல்ல வேண்டியது இதுவே. மார்த்தாவின் மகள் எலைசா, 1844-இல் மிஷனரி கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கும் இக்கலையைக் கொண்டுசென்றார்.

கையின் எண்ணெய்ப் பசை நூலைக் கெடுக்கும். தொடாமல் பாருங்கள்.