மேசை நடுவில் கொதிக்கும் பானை

திருவரங்குளம், ஆலங்குடி வட்டாரத்திலிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போய்வந்தவர்கள் பலருக்கு ஸ்டீம்போட் பழகிய பெயர். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மேசை நடுவில் ஓர் அடுப்பு, அதன்மேல் கொதிக்கும் சூப்புப் பானை, சுற்றிலும் தட்டுகளில் பச்சை இறைச்சி, இறால், மீன் உருண்டை, காளான், கீரை. கடைக்காரர் நறுக்கி வைப்பதோடு சரி. வேகவைப்பது சாப்பிட உட்கார்ந்தவர்களின் வேலை. சிங்கப்பூரில் புகிஸ் பக்கம் லியாங் சியா தெருவில் இந்தக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அருகிலுள்ள தேக்கா வட்டாரத்திலிருந்து நடந்தே போய்விடலாம். சீனப் புத்தாண்டுக்கு முந்தின இரவு குடும்பமே கூடி உண்ணும் விருந்திலும் பல வீடுகளில் இதுதான்.

பானை மிகப் பழையது. சீனாவின் நான்சாங் நகருக்கு அருகே, கி.மு. 59இல் இறந்த ஹைஹுன் பிரபுவின் கல்லறையில், அடியில் கரி போட இடம் விட்ட வெண்கலப் பாத்திரம் ஒன்று கிடைத்திருக்கிறது. பெய்ஜிங்கின் செம்புப் பானையை நம்மூர்க்காரர்கள் பார்த்த உடனே புரிந்துகொள்வார்கள்: பழைய வீடுகளில் வெந்நீர் போட்ட செம்பு பாய்லரேதான் அது. நடுவில் புகைக்குழாய், அதற்குள் கரி நெருப்பு, குழாயைச் சுற்றி வளையமாகத் தண்ணீர். சூடான காற்று குழாய் வழியே மேலேறும்போது கீழே உள்ள துளைகள் வழியே புதுக்காற்று தானாக உள்ளே இழுக்கப்படும். கரி கனன்றுகொண்டே இருக்கும். குழாயின் வாயைச் சிறு மூடியால் மூடினால் தீ தணியும். கொல்கத்தாவின் சீன உணவகங்களில் 'சிம்னி சூப்' என்று கொண்டுவந்து வைப்பதும் இந்தப் பானைதான். இப்போது பெரும்பாலான கடைகளில் கேஸ் அடுப்போ இண்டக்‌ஷன் அடுப்போ வந்துவிட்டது.

ஆனால் இந்தச் சாப்பாட்டின் நுட்பம் பானையைவிடக் கத்தியில் இருக்கிறது என்பேன். இறைச்சியைப் பாதி உறைய வைத்து, இயந்திரத்தில் காகிதம்போல் சீவுகிறார்கள். ஒரு துண்டின் நடுப்பகுதிவரை சூடு போய்ச்சேர ஆகும் நேரம் அதன் தடிமனின் இருமடிக்கு ஏற்பக் கூடும். தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. அதனால்தான் 2 மில்லிமீட்டர் சீவல், கொதிநீரில் பத்துப் பதினைந்து நொடி அலசியதும் நிறம் மாறி வெந்துவிடுகிறது. அதையே ஒரு நிமிடம் விட்டால் புரதம் இறுகி, சாறு வெளியேறி, சக்கையாகிவிடும். சோங்சிங் நகரத்துக்காரர்கள் மாட்டின் இரைப்பையில் ஏடு ஏடாக இருக்கும் பகுதியைச் சில நொடிகள் மட்டும் முக்கி எடுத்து, மொறுமொறுவென்று மெல்லுகிறார்கள். குடலைக் குக்கரில் விசில் விட்டு வேகவைக்கும் நமக்கு நம்புவது கடினம். ஏட்டின் மெல்லிசு அதைச் சாத்தியமாக்குகிறது.

சோங்சிங் பாணியில் சூப்பின்மேல் மாட்டுக்கொழுப்பும் மிளகாயும் சேர்ந்த சிவப்பு எண்ணெய் மிதக்கும். அது ஒரு மூடிபோல் வேலைசெய்து நீர் ஆவியாவதைக் குறைக்கும். மிளகாயின் காரமான கேப்சைசின் நீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் காரமெல்லாம் மேல் ஏட்டில் நிற்கும். இறைச்சியைவிடக் கீரைதான் நாக்கை எரிக்கும், இலை மடிப்புகளில் எண்ணெய் ஏறிக்கொள்வதால். கூடவே சிச்சுவான் மிளகு. பெயர்தான் மிளகு; எலுமிச்சைக் குடும்பத்துச் செடியின் காய்த்தோல் அது. கொங்கணத்து மீன்குழம்பில் விழும் திர்பல் இதன் உறவு. இதிலுள்ள சான்ஷூல் என்ற பொருள் உதட்டில் ஒரு துடிப்பை உண்டாக்கும். 2013இல் லண்டன் ஆய்வாளர்கள் அந்தத் துடிப்பை அளந்தார்கள்: நொடிக்கு ஏறத்தாழ 50 அதிர்வு. காரம் வேண்டாதவர்களுக்காகப் பானையை வளைந்த தடுப்பால் இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் வெள்ளை சூப் ஊற்றுவார்கள். தொட்டுக்கொள்ள வறுத்த எள்ளின் எண்ணெயும் நசுக்கிய பூண்டும்.

மலேசியாவில் ஸ்டீம்போட்டுக்குப் பேர்போன இடம் கேமரன் மலை. தமிழர் உழைப்பில் எழுந்த தேயிலைத் தோட்டங்களும், சரிவெங்கும் காய்கறித் தோட்டங்களும் உள்ள குளிர்ப்பிரதேசம். பக்கத்துத் தோட்டத்துக் கீரையும் சோளமும் பானைக்கு வந்துவிடும். சில கடைகளில் இன்னமும் கரிப்பானை. பிரிஞ்சாங் ஊர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர். காற்றழுத்தம் குறைவதால் அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும்; திருவரங்குளத்தில் கிட்டத்தட்ட 100. மெல்லிய சீவலுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. சோளத்துண்டும் சேப்பங்கிழங்கும் கூடுதல் நேரம் கேட்கும்.

எந்த ஊரானாலும் வரிசை முக்கியம். முதலில் முள்ளங்கி, சோளம், கிழங்கு. அடுத்து மீன் உருண்டை; வெந்ததும் உப்பி மேலே மிதக்கும். பிறகு இறைச்சி. உறைந்த துண்டுகளைத் தட்டோடு கொட்டினால் கொதி அடங்கி, எல்லாமே வேகாமல் ஊறும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கடைசியில் காங்கோங், அதாவது நம் வள்ளைக்கீரை, அதன்பின் நூடுல்ஸ். மாவுப்பொருளை முன்னாலேயே போட்டால் சூப் கெட்டியாகி அடிபிடிக்கும்.

நேரம் ஆக ஆக சூப் மாறிக்கொண்டே வரும். இறைச்சியிலிருந்து இனோசினேட், காளானிலிருந்து குவானிலேட், கடற்பாசியிலிருந்து குளூட்டமேட் என்ற சுவைப்பொருள்கள் இறங்குகின்றன; இவை சேரும்போது சுவை கூட்டுத்தொகையைத் தாண்டிப்போகிறது. முதல் கரண்டிக்கும் கடைசிக் கரண்டிக்கும் உள்ள தூரம்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. அதே சூப்பில் உப்பும் பியூரினும் ஏறியிருக்கும் என்பதால் ரத்த அழுத்தமும் யூரிக் அமிலமும் உள்ளவர்கள் கடைசிக் கிண்ணத்தைத் தவிர்ப்பது நல்லது.

வீட்டில் செய்துபார்க்க ஆசைப்பட்டால் ஆட்டெலும்பு சூப்பும் இண்டக்‌ஷன் அடுப்பும் போதும். பச்சை இறைச்சியை எடுக்க ஓர் இடுக்கி, சாப்பிட வேறு கரண்டி என்று கண்டிப்பாகப் பிரித்து வையுங்கள். கோழியை நடுவில் சிவப்பு மறையும்வரை வேகவிடுங்கள். ஜன்னல் மூடிய அறையில் கரி மூட்டவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.