மாகாளிக் கிழங்கும் அதை அறிந்தவர்களின் உரிமையும்

ஓசூர் தொழிற்பேட்டைகளுக்குத் தெற்கே தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைக்காடுகள் விரிகின்றன. இங்கும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் பிற உலர்காடுகளிலும் பாறை இடுக்குகளில் வேரூன்றிப் படர்வது மாகாளிக் கொடி. தாவரவியலில் இதன் பெயர் டெகாலெபிஸ் ஹாமில்டோனி. தென்னிந்தியாவுக்கே உரிய இக்கொடி இன்று அழியும் நிலையிலுள்ள இனமாக வகைப்படுத்தப்பட்டுள்ளது.

மணமிக்க இதன் வேரையே கிழங்கு என்கிறோம். பசியின்மை, செரிமானக் கோளாறு, உடற்சூடு ஆகியவற்றுக்கு இருளர் உள்ளிட்ட பழங்குடி மக்கள் இதைப் பயன்படுத்தி வந்துள்ளனர். மருந்துச் சந்தையில் இது நன்னாரிக்கு மாற்றாகவும் விற்கப்படுகிறது. சமவெளியிலோ இது தஞ்சை, கும்பகோணம் அக்ரகாரங்களின் புகழ்பெற்ற ஊறுகாய். அதன் செய்முறையைப் பலரும் எழுதியுள்ளனர். மலையில் கிழங்கைத் தோண்டியவர் யார் என்று கேட்டவர் அரிது.

மைசூருவிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இவ்வேரை விரிவாக ஆராய்ந்துள்ளது. அதன் மணத்துக்குக் காரணமான வேதிப்பொருள், வெனிலினின் மாற்றியம் என்பதும், தானியங்களைத் தாக்கும் பூச்சிகளை வேர் கொல்லும் என்பதும் நிறுவப்பட்டன. கணு மொட்டுகளிலிருந்து திசு வளர்ப்பு மூலம் நாற்றுகளை உருவாக்கும் முறையை அந்நிறுவன அறிவியலாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வேரோடு தோண்டினால் மாளும் கொடிக்கு இது நல்ல செய்தியே. ஆயின் சட்டத்தின் வழியே நோக்கினால் இதில் ஒரு சிக்கல் உண்டு.

பல்லுயிர்ச் சட்டம், 2002இன் 7ஆம் பிரிவின்படி, உயிரியல் வளத்தை வணிகத்துக்குப் பயன்படுத்தும் இந்திய நிறுவனம் மாநில வாரியத்துக்கு முன்னறிவிக்க வேண்டும். பயன் பகிர்வு அங்கிருந்தே தொடங்குகிறது. 2023ஆம் ஆண்டுத் திருத்தம், நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவுக்கும், பயிரிடப்பட்ட மூலிகைகளுக்கும் இதிலிருந்து விலக்களித்தது. சிறைத்தண்டனையும் நீக்கப்பட்டு, அபராதம் மட்டும் எஞ்சியது.

இதன் பொருள் என்ன? திசு வளர்ப்பு நாற்றைத் தோட்டத்தில் நட்டால் அது பயிரிடப்பட்ட மூலிகை. அதன் பயன் ஏட்டில் இருந்தால் அது தொகுக்கப்பட்ட அறிவு. இவ்விரு வழிகளிலும் நிறுவனம் விலகிச் செல்லலாம். எழுத்து மறுக்கப்பட்ட மக்களின் அறிவை எழுத்துரிமை பெற்றிருந்தோர் ஏட்டில் ஏற்றினால், அறிந்தவரின் பங்கு அங்கேயே மறைகிறது.

மாற்று வழி உண்டு. 1987இல் அகத்தியர் மலையின் காணி மக்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சையிலிருந்து, திருவனந்தபுரம் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ‘ஜீவனி’ மருந்தை உருவாக்கியது. 1995இல் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்கு உரிமம் வழங்கப்பட்டது. உரிமக் கட்டணத்திலும் 2 விழுக்காடு ராயல்டியிலும் பாதி காணி மக்களுக்கு என ஒப்புக்கொள்ளப்பட்டது. மக்கள் அறக்கட்டளை அமைந்து பணம் கைக்கு வர 1999 ஆயிற்று. குறைகள் பல இருப்பினும், அறிவுக்கு விலை உண்டு என்பதை அது நிலைநாட்டியது.

கிருஷ்ணகிரியில் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, வன உரிமைச் சட்டம், 2006இன் 3(1) பிரிவு, கிழங்கு, மூலிகை உள்ளிட்ட சிறு வனப்பொருள்கள் மீது உடைமையையும், பல்லுயிர் சார்ந்த மரபறிவின் மீது சமூக உரிமையையும் அளிக்கிறது. சரணாலயங்களுக்கும் இது பொருந்தும். ஆகவே, 2014இல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு, 2022இல் அறிவிக்கப்பட்ட காவேரி தெற்குச் சரணாலயங்களைக் காரணம் காட்டி இவ்வுரிமையை மறுக்க முடியாது. கிராம சபைகள் சமூக உரிமைக் கோரிக்கைகளைத் தாக்கல் செய்ய வேண்டும்.

இரண்டாவது, ஊராட்சிதோறும் உள்ள பல்லுயிர் மேலாண்மைக் குழுவில் இருளர் இடம்பெற வேண்டும். பயிரிடப்பட்ட மூலிகை என்ற விலக்கைப் பெறத் தேவையான மூலச் சான்றிதழ் அக்குழுவின் கையில்தான் உள்ளது.

மூன்றாவது, மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் கிழங்கின் பயனோடு, அதை அறிந்த சமூகத்தின் பெயரும் அச்சமூகத்தின் ஒப்புதலோடு பதியப்பட வேண்டும். இப்பகுதிக் கல்லூரி மாணவர்கள் தம் ஊராட்சியின் பதிவேட்டைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறுவதே இப்பணியின் முதல் படி.