சைக்கிள் ஃபிரேமும் அம்மா சொன்ன கதையும்

ஐ.வி.ன்னு பேர் சொல்லிட்டு மணாலி போற வழியில, சண்டிகர்ல பஸ்ஸை நிறுத்துனாங்க. "ராக் கார்டன், ஒரு மணி நேரம்தான்"னார் சார். எல்லாரும் செல்ஃபி எடுக்கப் போயிட்டாங்க. நான் ஒரு சிலை முன்னாடி நின்னுட்டேன். உடம்பு முழுக்க உடைஞ்ச வளையல் துண்டுகள் பதிச்ச ஒரு பொண்ணு.

இதைச் செஞ்சவர் நேக் சந்த். 1924-இல், இப்போ பாகிஸ்தானில் இருக்கும் ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1947 பிரிவினையில் ஊரை இழந்து வந்து, சண்டிகர் பொதுப்பணித் துறையில் ரோடு இன்ஸ்பெக்டர் ஆனார். புது நகரத்துக்காக இடிச்ச கிராமங்களோட குப்பையை சைக்கிள்ல அள்ளிட்டு வந்து, கட்டடமே கட்டக்கூடாத காட்டு நிலத்துல ராத்திரி ராத்திரியா சிலை செஞ்சார். கிட்டத்தட்ட 18 வருஷம் வெளியே தெரியவே இல்ல!

சிவில் பசங்களுக்குப் புரியும், நம்ம ஆர்.சி.சி. கணக்குதான். பழைய சைக்கிள் ஃபிரேம்தான் எலும்பு. ஃபோர்க் கால் ஆகும், சீட் மிருகத்தோட தலை ஆகும். அதுமேல சிமென்ட் கலவை பூசுவார். ஈரம் காயறதுக்குள்ள வளையல், பீங்கான் துண்டுகளை அழுத்திடணும், காய்ஞ்சுட்டா ஒட்டாது. உள்ளே இருக்கிற இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்காம சிமென்ட்டோட காரத்தன்மை பாத்துக்கும்.

1970-களின் நடுவில் அதிகாரிகள் கண்டுபிடிச்சப்போ, சட்டப்படி இடிச்சிருக்கணும். மக்கள் ஆதரவால் தப்பிச்சு, 1976-இல் பூங்காவா திறந்தாங்க. அவருக்குச் சம்பளம், வேலையாட்கள், கூடவே 'சப் டிவிஷனல் இன்ஜினியர், ராக் கார்டன்'னு ஒரு பதவி. நாம நாலு வருஷம் அரியர் எழுதி வாங்கற பேர், குப்பையில சிலை செஞ்சவருக்குக் கிடைச்சிருக்கு.

இந்த ராஜா ராணிகள் எங்கிருந்து வந்தாங்க? சின்ன வயசுல அம்மா சொன்ன கதைகள்லேர்ந்துன்னு அவரே சொல்லியிருக்கார். வளர்ப்பு மட்டுமே காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. அதே கதைகளைக் கேட்டவங்க அந்த ஊர்ல நிறையப் பேர் இருந்திருப்பாங்க. ஆனா ஊரே போன பிறகு கையில மிச்சம் இருந்தது கதைதானே.

எங்க அப்பா மோட்டார் ரீவைண்டிங் கடை வச்சிருக்கார். எரிஞ்ச காயில்ல மிஞ்சற துண்டுக் கம்பியைக்கூட டப்பாவுல போட்டு வைப்பார். நான் சின்னவனா இருந்தப்போ அதுல ஆட்டுக்குட்டி, சைக்கிள்னு முறுக்கித் தருவார். ஸ்கூல்ல ஃப்ரெண்ட்ஸ் கேட்டா, "அப்பா எலக்ட்ரிக்கல் பிசினஸ்"னு மட்டும் சொல்லுவேன். அந்த ஆட்டுக்குட்டியை ஒருநாள்கூட கிளாசுக்கு எடுத்துட்டுப் போனதில்ல.

டூர் முடிஞ்சு ஊருக்குப் போனதும் அந்த டப்பாவைக் கேட்டேன். எதுக்குன்னு சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசல.

"காப்பரை எடுக்காத, அது கிலோ கணக்குல போகும்"னு சொல்லிட்டு, எரிஞ்சு போன ஃபேன் ஸ்டேட்டர் ஒண்ணைத் துடைச்சு என் கையில கொடுத்தார்.