இணையக் கடைக்குச் சாதி தெரியாதா?

2022 செப்டம்பரில், தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்கச் சென்ற தலித் குழந்தைகளுக்கு ஊர்க் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டிப் பொருள் தர மறுத்த கடைக்காரர் கைது செய்யப்பட்டார். வாங்க வருபவரிடம் சாதி பார்ப்பது இவ்வாறு சில நேரம் வெளிச்சத்துக்கு வருகிறது. விற்பவரிடம் சாதி பார்ப்பது அவ்வளவு எளிதில் வெளிப்படுவதில்லை. தலித் ஒருவர் கடை திறந்தால் ஊர்த் தெருவினர் ஒவ்வொருவராக விலகிச் செல்வர். பொருளாதாரப் புறக்கணிப்பை 2015ஆம் ஆண்டுத் திருத்தம் குற்றமாக்கியுள்ளது. ஆனால், வராமல் போன வாடிக்கையாளரை எந்த வழக்கில் சேர்ப்பது?

இங்குதான் இணையக் கடை நம்பிக்கை அளிக்கிறது. வாங்குபவர் பார்ப்பது பொருளின் படத்தையும் விலையையும்தான். குடும்பத்தின் சிறு கடையோடு இணைய விற்பனையையும் நடத்த விரும்பும் மாணவர்கள், அந்த நம்பிக்கை எதுவரை செல்லும் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

முகவரி சொல்லும் செய்தி

நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020-இன்படி, விற்பவரின் வணிகப் பெயரையும் முகவரியையும் இணையச் சந்தை வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவு பெற்றவரின் ரசீதிலும் இவை இடம்பெறும். நுகர்வோரை ஏமாற்றாதிருக்க இவ்விதி தேவையானதே. ஆனால் தமிழ்நாட்டில் முகவரியே சாதியைச் சொல்லிவிடும். 'காலனி' என்ற சொல் வசைச்சொல்லாகவும் தீண்டாமையின் குறியீடாகவும் மாறியதால், அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அச்சொல் இன்னும் நம் குடும்ப அட்டையிலோ வங்கிக் கணக்கிலோ இருந்தால், பொட்டலத்தின் மேலும் அதுவே ஒட்டப்படும். ஆகவே முகவரித் திருத்தம் வணிகத்தோடும் தொடர்புடைய கோரிக்கையாகும்.

இரண்டு கல்லா, ஒரே முதல்

அடுத்த தடை மூலதனம். ஒரு கணக்கைப் பார்ப்போம். 400 ரூபாய்க்கு வாங்கிய செருப்பைக் கடையில் 600 ரூபாய்க்கு விற்றால் 200 ரூபாய் மிஞ்சும். அதே விலைக்கு இணையத்தில் விற்கும்போது சந்தைக் கட்டணம், அனுப்பும் செலவு, அட்டைப் பெட்டி ஆகியவற்றுக்கு 120 ரூபாய் போவதாகக் கொள்வோம். மிஞ்சுவது 80 ரூபாய். பத்துச் செருப்புகளில் ஒன்று திரும்பி வந்து அதற்கான செலவும் நம் தலையில் விழுந்தால், மொத்த மிச்சம் 600 ரூபாய்தான். கடையில் இது 2,000 ரூபாய். மேலும், கடையில் பணம் அன்றே கைக்கு வருகிறது. இணையச் சந்தையில் சில நாள்கள் கழித்தே வருகிறது. கந்துவட்டிக்கு வாங்கிச் சரக்கு எடுத்தவருக்கு அந்த நாள்களும் செலவே.

ஆகவே கடையில் உள்ள அனைத்தையும் இணையத்தில் ஏற்றுவது பிழை. எளிதில் உடையாத, எடை குறைந்த, மிச்சம் கூடுதலாக உள்ள சில பொருள்களை மட்டும் தேர்ந்தெடுத்துத் தனி அலமாரியில் வைக்க வேண்டும். கடைசி உருப்படியைக் கடையில் விற்றுவிட்டு, இணையத்தில் வந்த ஆணையை ரத்து செய்தால் மதிப்பீடு சரியும். பிறகு நம் பொருள் தேடலில் பின்னுக்குத் தள்ளப்படும்.

வரி எல்லை

முன்பு இணையச் சந்தையில் பொருள் விற்கும் சிறு வணிகரும், விற்றுமுதல் எவ்வளவு குறைவாயினும், ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டியிருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் இது தளர்த்தப்பட்டது. தமிழ்நாட்டிற்குள் மட்டும் பொருள் விற்பவர், ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை, பான் எண்ணைக் கொண்டு ஜிஎஸ்டி தளத்தில் சேர்க்கை எண் பெற்றாலே போதும். ஆனால் ஒரே ஒரு பொட்டலம் வெளிமாநிலம் சென்றாலும் பதிவு கட்டாயம். தொடக்கத்தில் விற்பனையை மாநிலத்திற்குள் நிறுத்திக்கொள்வது கணக்குச் சுமையைக் குறைக்கும்.

கோர வேண்டியவை

தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 விழுக்காடு மூலதன மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் வழங்குகிறது. விண்ணப்பிக்கும்போது கட்டடம், கருவிச் செலவோடு, சரக்கு வாங்கிப் பணம் திரும்பும்வரை தேவைப்படும் நடைமுறை மூலதனத்தையும் திட்ட அறிக்கையில் காட்ட வேண்டும். சிறு கடைகள் பலவும் முடங்குவது அந்த இடைவெளியில்தான்.

இணையக் கடை நம் வணிகத்தை ஊர் எல்லைக்கு வெளியே கொண்டு செல்ல உதவும். ஆனால் அதை நம்பித் தெருக் கடையை மூடிவிட்டால், பொது வீதியில் நமக்குள்ள இடத்தை நாமே விட்டுக்கொடுத்தவர்களாவோம். சொந்தப் பெயரையும் முகவரியையும் பலகையில் எழுதி, ஊரார் அனைவருக்கும் விற்கும் உரிமைக்கான போராட்டம் அந்தத் தெருவிலேயே தொடர வேண்டும்.