சீட்டில் எழுத வேண்டிய எண்

குறட்டைக்கு நெல்லைச் சீமையில் ஒரு காலத்தில் நல்ல பெயர். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று ஆற்றோர ஊர்களில் கோடை வந்துவிட்டால் ஆண்கள் திண்ணையிலும் வாசலில் போட்ட நார்க்கட்டிலிலும்தான் படுப்பார்கள். ஒருவர் விடும் குறட்டை நாலு வீட்டுக்குக் கேட்கும். "பகல் பூரா வயக்காட்டுல கெடந்த உடம்பு, அசந்து தூங்குதாரு" என்பாள் ஆச்சி. கொஞ்சம் பருத்த ஆளென்றால் கும்பகர்ணன் என்று பட்டப்பெயர் சேரும். அதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை.

அந்தச் சத்தம் நடுவில் அறுந்துபோவதையும் தெரு கேட்டுத்தான் இருந்தது. ஏறி ஏறி வந்த குறட்டை சட்டென்று நிற்கும். பத்து விநாடி, இருபது விநாடி ஒன்றுமே இருக்காது. பிறகு ஒரு செருமலோடு உடம்பைத் தூக்கிப்போட்டு மறுபடி தொடங்கும். திணறி விழித்தவர் அமுக்குவான் பேய் என்று சொல்லித் திருநீறு பூசிக்கொள்வார். மறுநாள் அவரே கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடி தூங்கி வழிவார். இரவில் நின்ற மூச்சையும் பகலில் வந்த தூக்கத்தையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அங்கே யாருமில்லை.

மருத்துவ உலகமே அப்போதுதான் முடிச்சுப் போடத் தொடங்கியிருந்தது. ஹைகிரவுண்டில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி தொடங்கிய அதே 1965-இல்தான், பிரான்சில் காஸ்தோவின் குழுவும் ஜெர்மனியில் யுங், கூலோ இருவரும் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதைத் தனித்தனியே பதிவு செய்தார்கள். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை பதறி எழுப்புகிறது. காரணம் தெரிந்தாலும் கைவசம் இருந்த வழி ஒன்றுதான்: கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பது. 1981-இல் சிட்னியின் காலின் சலிவன், மூக்கு வழியாகத் தொடர்ந்து காற்றை அழுத்திக் கொடுத்தால் பாதை மூடாது என்று ஐந்து நோயாளிகளிடம் காட்டி 'லான்செட்' இதழில் எழுதினார். அவருடைய ஆரம்பக் கருவிகளில் ஓடியது வேக்குவம் கிளீனர் மோட்டார். இன்று சிபேப் என்று நாம் சொல்லும் மெஷினின் மூதாதை அதுதான்.

அது நம் ஊர் வந்து சேர வெகுகாலம் ஆனது. அதுவரை "ராத்திரி தூக்கம் சரியில்ல டாக்டர்" என்று போனவருக்குச் சீட்டில் கிடைத்தது பெரும்பாலும் தூக்க மாத்திரை. தளரும் தொண்டையை அது இன்னும் தளர்த்திவிடும். நோயை அறியாமல் எழுதிய அந்தச் சீட்டு, நோய்க்கே துணைபோனது.

இன்று தெரு அப்படி இல்லை. திண்ணைகளை இடித்துக் கார் நிறுத்தும் இடமாக்கியாயிற்று. ஏசி அறையின் கதவு சாத்தியிருக்கிறது. குறட்டை தாங்காமல் மனைவி அடுத்த அறைக்குப் போய்விடுகிறார். மூச்சு நிற்பதைக் கேட்ட சாட்சி இல்லாமல் போன அதே காலத்தில் மருத்துவம் ஊருக்குள் வந்திருக்கிறது. ஒரு காலத்தில் மதுரைக்கோ சென்னைக்கோ போய் ஓர் இரவு படுத்து எடுக்க வேண்டியிருந்த தூக்கப் பரிசோதனை, இப்போது வண்ணார்பேட்டை, ஹைகிரவுண்ட் பக்கமே நடக்கிறது. விரலிலும் மார்பிலும் மூக்கிலும் மாட்டிக்கொண்டு சொந்தக் கட்டிலிலேயே படுக்கும் கையடக்கக் கருவியும் வந்துவிட்டது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்கும் இந்தக் கோளாறு இருக்கலாம் என்று 2023-இல் எய்ம்ஸ் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கொரோனாக் காலத்தில் ஆக்சிஜன் கருவியும் மூச்சு மெஷினும் வாடகைக்கு வந்துபோனதில், வீட்டுக்குள் அப்படியொன்று இருப்பதற்கான கூச்சமும் போனது.

இதனால் சிக்கல் இடம் மாறியிருக்கிறது. அன்று மெஷின் கிடைக்கவில்லை. இன்று போனில் தட்டினால் மெஷின் வருகிறது, சீட்டைக் கேட்காமலே விற்பவரும் உண்டு. கிடைக்காதது அதில் வைக்க வேண்டிய எண்.

அந்த எண்தான் காற்றின் அழுத்தம். நீர் செ.மீ. என்ற அளவில் எழுதுவார்கள். தாமிரபரணியில் ஒரு குழலை 10 செ.மீ. ஆழத்தில் பிடித்து ஊதினால் குமிழி கிளம்பத் தேவைப்படும் அழுத்தம் 10. சிபேப் மெஷின்கள் பொதுவாக 4 முதல் 20 வரை போகும். ஒருவருக்குத் தேவையானதைவிடக் குறைவாக வைத்தால் தொண்டை மூடிக்கொண்டேதான் இருக்கும். மெஷின் ஓடுகிறது என்ற ஆறுதல் மட்டும் மிச்சம். கூட வைத்தால் மாஸ்க் ஓரத்தில் காற்று ஒழுகும், வயிற்றில் காற்று ஏறி உப்பும், சிலருக்கு மூளையே மூச்சை நிறுத்திவைக்கும். பத்து நாளில் மெஷின் பரணுக்குப் போய்விடும். "நமக்கு இது ஒத்துக்கல அண்ணாச்சி" என்பவர்களில் பலருக்கு ஒத்துக்கொள்ளாதது மெஷின் அல்ல, எண்.

இங்கேதான் ஒரு குழப்பம். பரிசோதனை அறிக்கையில் மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபட்டது என்று இருக்கும்: 5 முதல் 15 லேசானது, 15 முதல் 30 நடுத்தரம், 30-க்கு மேல் கடுமையானது. அழுத்தம் எவ்வளவு என்று இந்தக் கணக்கு சொல்லாது. மணிக்கு 60 முறை தடைபடுபவருக்கு 8 போதுமானதாக இருக்கலாம். 20 முறை தடைபடுபவருக்கு 12 தேவைப்படலாம். நோயைச் சொல்லும் தாள் வேறு, மெஷினுக்கான சீட்டு வேறு.

எண்ணைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள். ஒன்று, தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் மாஸ்க்கோடு ஓர் இரவு படுக்கவைத்து, 4-இல் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவது. மல்லாந்து படுத்துக் கனவுத் தூக்கத்தில் இருக்கும்போதுதான் தொண்டை அதிகம் அடைக்கும். அந்த நேரத்திலும் மூச்சு சீராக ஓடினால் எண் சரி. இன்னொன்று, தானாகக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் ஆட்டோ மெஷினை வீட்டில் ஓட்டவிட்டு, அதில் பதிவானதை மருத்துவர் படித்து எல்லையைக் குறுக்குவது. வேறு பெரிய நோய் இல்லாதவருக்கு இதுவும் நல்ல வழியே. ஆனால் பலர் வீட்டில் ஆட்டோ மெஷின் வந்த நாளிலிருந்து 4 முதல் 20 வரை திறந்தே கிடக்கிறது. பதிவை யாரும் படிப்பதில்லை.

இதயம் பலவீனமானவருக்கும் நுரையீரல் நோயாளிக்கும், மிகுந்த உடல் பருமனால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்குபவருக்கும் வீட்டிலேயே ஆட்டோ மெஷினை வைத்து எண் பார்க்கும் வழி கூடாது. சிலருக்குச் சிபேப் போதாது. மூச்சை இழுக்க ஒன்று, விட ஒன்று என்று இரண்டு அழுத்தம் தரும் பைபேப் வேண்டும். மெஷினின் வகை எவ்வளவு முக்கியம் என்பதை 2015-இல் வெளியான செர்வ்-ஹெச்எஃப் ஆய்வு காட்டியது. இதயம் ரத்தம் இறைக்கும் திறன் குறைந்து, மூளையின் கட்டளை தவறுவதால் மூச்சு நிற்பவர்களுக்கு ஏஎஸ்வி என்ற நுட்பமான மெஷினைக் கொடுத்தார்கள். மூச்சு சீரானது, இதயநோய் மரணமோ கூடியது. காற்றுதானே என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஒருமுறை எழுதிய எண் ஆயுளுக்கும் செல்லாது. உடல் எடை 10 சதவீதம் குறைந்தால் மூச்சுத் தடை ஏறத்தாழ கால்வாசி குறையும் என்று அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆய்வு 2000-இல் சொன்னது. எடை குறைக்கும் டிர்செபடைட் ஊசியை, உடல் பருமனோடு இந்தக் கோளாறும் உள்ளவர்களுக்கு அமெரிக்க மருந்து ஆணையம் 2024 டிசம்பரில் அனுமதித்தது. எடை ஏறினாலும் இறங்கினாலும் சீட்டைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

ஆகவே மெஷின் வாங்கும் முன் சீட்டில் ஐந்து விஷயங்களைத் தேடுங்கள்: மெஷினின் வகை, அழுத்த எண் (ஆட்டோ என்றால் கீழெல்லை மேலெல்லை), மூக்குக்கு மட்டுமா வாயையும் மூடுவதா என்று மாஸ்க்கின் வகையும் அளவும், ஈரப்பதத் தொட்டி தேவையா என்பது (தாமிரபரணித் தண்ணீரானாலும் அதில் ஊற்றக் கூடாது, காய்ச்சி வடித்த நீர்தான்), மெஷினின் பதிவோடு திரும்பி வர வேண்டிய நாள். வெறுமனே 'சிபேப்' என்று மட்டும் எழுதியிருந்தால் கடைக்குப் போகாமல் எழுதியவரிடமே திரும்பிப் போய்க் கேளுங்கள். சர்க்கரை மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்று கேட்டு வாங்குகிற ஊர் இது. காற்று எத்தனை என்றும் கேட்கலாம்.