தட்டில் ஏறிய பாட்டும் லயத்தில் நின்ற பாட்டும்

எழுத்தறியா மக்களின் வரலாறு அவர்களுடைய பாட்டில் வாழ்கிறது என்பர் அறிஞர். ஊவா மாகாணத்துத் தோட்டங்களை அறிந்தவர்க்கு இவ்வுண்மை புதிதன்று. பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை என்று மலைமேல் மலையாகத் தேயிலை படர்ந்த இடமெல்லாம் பாட்டும் உடன் படர்ந்தது. லயத்துக் காம்பராவில் தொட்டிலை ஆட்டியவள் தாலாட்டினாள்; இழவு வீட்டில் கூடிய பெண்கள் ஒப்பாரி வைத்தனர்; மாசி மாதத்தில் காமன் கூத்தும், பிற காலங்களில் பொன்னர் சங்கர் கதையும் அருச்சுனன் தபசும் விடிய விடிய நடந்தன. விடியலில் மக்களைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்ததும் தப்பொலியே.

இத்துணைப் பாட்டு நிறைந்த சமூகத்துக்கு இசைத்தட்டு வாணிபம் அளித்த இடம் யாது? இவ்வினாவுக்கு விடை காண, முதலில் கடல் கடந்து மற்றொரு மலைநாட்டுக்குச் சென்று வருதல் வேண்டும்.

தளபாடக் கடையில் பிறந்த வாணிபம்

அமெரிக்காவின் தென்பகுதியிலே அப்பலாச்சிய மலைத்தொடர் உள்ளது. அங்கு வாழ்ந்தோர் சிறு உழவர், நிலக்கரிச் சுரங்கத்தார், பஞ்சாலைத் தொழிலாளர். இன்று உலகமெங்கும் 'கன்ட்ரி' இசை என்று போற்றப்படுவது அவ்வேழைகளின் பாட்டே. அது தட்டில் ஏறிய கதை சுவையானது.

1923 ஜூன் மாதம், ஒக்கே என்னும் கொம்பனியின் சார்பில் ரால்ப் பியர் என்பவர் அட்லாண்டா நகருக்கு வந்தார். அங்கே ஜோன் கார்சன் என்ற பிடில் கலைஞரின் பாட்டைப் பதிவு செய்தார். கார்சனின் குரல் அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. ஆனால் அவ்வூர்த் தளபாட வியாபாரியான போல்க் புரோக்மன், தமக்கு 500 தட்டுகள் வேண்டுமென்று கேட்டு வாங்கினார். அவை விரைவிலேயே விற்றுத் தீர்ந்தன. தளபாட வியாபாரிக்குப் பாட்டில் என்ன அக்கறை என்று வியத்தல் வேண்டா. கிராமபோன் பெட்டி அந்நாளில் நாற்காலி மேசைகளோடு விற்கப்பட்ட வீட்டுச் சாமான். பெட்டி வாங்கியவன் தட்டும் வாங்குவான். தன் ஊர்ப் பாட்டாயின் ஆவலோடு வாங்குவான். இந்தக் கணக்கைப் புரோக்மன் அறிந்திருந்தார்; பியரும் அன்று அறிந்துகொண்டார்.

நான்கு ஆண்டுகளின் பின், 1927 ஜூலை இறுதியில், அதே பியர் விக்டர் கொம்பனிக்காகப் பிரிஸ்டல் என்னும் மலையூரில் பதிவுக்கருவிகளை நிறுவினார். ஏறக்குறைய இரண்டு வாரங்களில் 19 குழுவினர் 76 பாட்டுகளைப் பாடிச் சென்றனர். கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ரொட்ஜர்ஸும் உலகறிந்தது அங்கேதான். மலைவாழ் ஏழையின் குரலுக்கு மதிப்பு வந்தமைக்குக் காரணம் கலையன்பு மட்டுமன்று. அவ்வேழை தவணை முறையிலேனும் பெட்டி வாங்கக்கூடியவனாய் இருந்தமையே ஆகும்.

அதே 1927ஆம் ஆண்டில்

அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் காந்தியடிகள் பதுளைக்கு வந்து மக்களிடம் பேசினார். இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை வகுக்கும் 27ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் இயற்றப்பட்டதும் அவ்வாண்டிலேயே. 1929 முதல் அக்கூலி நடைமுறைக்கு வந்தபோது, ஆணுக்கு நாளொன்றுக்கு அரை ரூபாயைச் சுற்றியும், பெண்ணுக்கு அதனிலும் குறைவாகவும் அமைந்தது. ஒரு தட்டின் விலையோ சில ரூபாய். அரிசிக்கும் கடனுக்கும் போக மிஞ்சுவது யாது? அட்லாண்டாவின் தளபாடக் கடைக்காரர் போட்ட கணக்கை நம் மலையில் எவரும் போட வழியில்லை.

வழியில்லாமற் போனதற்கு மற்றொரு காரணமும் உண்டு. தோட்டம் தனிச்சொத்து, அனுமதியின்றி நுழைவோர் அத்துமீறியவராவர். தொழிலாளரைச் சந்திக்கக் கோ. நடேசய்யர் புடைவை வியாபாரி வேடம் பூண வேண்டியிருந்தது என்பது வரலாறு. ஒரு தலைவருக்கே இந்நிலை எனில், பதிவுக்கருவி எங்ஙனம் லயத்து வாசலை எட்டும்?

இசைத்தட்டுத் தொழிலோ நமக்கு அயலிலேயே செழித்தது. 1902இல் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். 1930களில் சென்னையில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் தம் கூட்டாளிகளுடன் சரஸ்வதி ஸ்டோர்ஸை நடத்தித் தமிழ்த் தட்டுகளைப் பரப்பினார். தட்டுக்கு உயிரான அரக்கும் இந்தியக் காடுகளில் ஏழைகள் மரக்கிளையிலிருந்து சுரண்டித் திரட்டியது. எனினும், தட்டில் ஏறிய குரல்களில் மிகப் பெரும்பாலானவை நாடக நடிகர், சங்கீத வித்துவான், நாகஸ்வரக் கலைஞர் ஆகியோருடையவை. 1931இல் தமிழ்ப் பேசும்படம் பிறந்தபின் சினிமாவே முதலிடம் கொண்டது. கொழும்பு மேடையில் பாடிய கே.பி. சுந்தராம்பாளும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் தட்டின் வழியே மேடை காணாத ஊர்களுக்கும் சென்றனர்.

தட்டின் அளவும் ஒரு தடையே. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் அடங்குவது ஏறத்தாழ மூன்று நிமிடம். இரவு முழுதும் நீளும் காமன் கூத்தை எத்தனை தட்டில் அடைப்பது? ஒப்பாரிக்கு நேரக்கணக்கு ஏது? அமெரிக்க மலைப்பாட்டு மூன்று நிமிடத்துக்கு ஏற்பத் தன்னைக் குறுக்கிக்கொண்டது. நம் பாட்டு அங்ஙனம் குறுகவில்லை. ஆனால் அதைச் சேமித்து வைத்த நினைவுகளோடு தானும் மறையும் நிலைக்கு உள்ளாயிற்று.

மெட்டு வந்தது; சொல் பிறந்தது

1924இல் இருப்புப்பாதை பதுளை வரை வந்தது. பெட்டி வாங்க வசதி பெற்றோர் துரைமாரும் உத்தியோகத்தரும் பெரிய கங்காணிமாரும் பட்டினத்து வர்த்தகருமே. ஆயினும் பாட்டுக்குக் கதவில்லை. கடைவீதியில் ஒலித்த மெட்டு, சம்பள நாளில் சாமான் வாங்க வந்தவன் காதில் ஏறி, அவனுடனே மலை ஏறியது. பின்னர் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் ஒலிபெருக்கி வந்தது. இலங்கை வானொலி வந்தது.

மெட்டைக் கடன் வாங்கிய மக்கள் சொல்லைக் கடன் வாங்கவில்லை. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார், மக்கள் அறிந்த மெட்டுகளில் தொழிலாளர் துயரைப் பாட்டாக்கித் தோட்டத்துக் கூட்டங்களில் பாடினார். 1940இல் இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை என்னும் நூலாகவும் அவற்றை வெளியிட்டார். அவ்வழியில் சினிமா மெட்டுக்குத் தோட்டத்துச் செய்தியைப் பொருத்தி, மலிவுப் பிரசுரமாக அச்சிட்டு, தாமே பாடி விற்றவர் மலைநாட்டில் பலர். பெட்டி வாங்க இயலாதவன் சில சதங்களுக்குப் பாட்டுப் புத்தகம் வாங்கினான். கொம்பனிகளின் கணக்கேட்டில் வராத இசை வாணிபம் இது. இதன் வரலாறு இன்னும் முழுமையாக எழுதப்படல் வேண்டும்.

பெயரை இழந்த பாட்டு

ஆயின், தட்டில் ஏறியிருந்தால் நம் பாட்டுக்கு நல்வாழ்வு கிட்டியிருக்கும் என்று முடிவு செய்தல் பொருந்துமா? பிரிஸ்டல் கதையின் மறுபக்கத்தையும் நோக்குவோம். பியர் விக்டர் கொம்பனியிடம் சம்பளம் கேட்கவில்லை. பாட்டுகளின் பதிப்புரிமை தமக்கு வந்தால் போதும் என்றார். பழம்பாட்டு எவருக்கும் சொந்தமன்று. சற்று மாற்றி ஒருவர் பெயரில் பதிந்துவிட்டால் அது சொத்தாகிவிடும். பாட்டுத் தேடி ஊர் ஊராக அலைந்த ஏ.பி. கார்ட்டருடன் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிற்றார்க் கலைஞரும் சென்றார். கார்ட்டர் சொல்லை எழுதினார். ரிடில் இசையை நெஞ்சில் பதித்துவந்தார். தட்டில் நின்றதோ கார்ட்டரின் பெயரே. கறுப்பர் பாட்டு, வெள்ளையர் பாட்டு எனக் கொம்பனிகள் தட்டுகளை வேறுவேறு வரிசையில் விற்றன. மலையிலோ இருசாராரும் ஒருவரிடம் ஒருவர் பாட்டுக் கற்றனர். குரல் பிழைத்தது, பாடக் கற்பித்தவன் பெயர் பல்லாண்டு மறைந்திருந்தது.

நம்மிடம் இருப்பதும் பெரும்பாலும் பெயரற்ற பாட்டுகளே. அவற்றைத் தேடித் திரட்டிய சி.வி. வேலுப்பிள்ளை முதலியோருக்கு நாம் பெரிதும் கடமைப்பட்டவர்கள். மலைநாட்டு மக்கள் பாடல்கள் என்ற அவருடைய தொகுப்பு இல்லையேல் எத்தனை அடிகள் அழிந்திருக்கும்! எனினும் ஏடு சொல்லைத்தான் காக்கும். ஒப்பாரியின் இழுவையும் தப்பின் நடையும் ஏட்டில் அடங்கா.

இனிச் செய்யத்தக்கது

1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கென்று எண்ணிப் பிரித்தது. அதன்பின் வந்த ஆண்டுகளில் குடும்பங்கள் பிரிந்தபோது கூத்துக் குழுக்களும் பிரிந்தன. தாலாட்டை அறிந்த பாட்டி ஒரு கரையிலும், அதைக் கேட்டிருக்க வேண்டிய பேரக்குழந்தை மறுகரையிலும் ஆயினர். நீலகிரித் தோட்டங்களிலும் ஊவாவின் பாட்டு இன்று எவர் நெஞ்சிலேனும் உறங்கிக்கொண்டிருக்கலாம்.

அன்று பதிவுக்கருவி கொம்பனியின் உடைமை. இன்று ஒவ்வொரு மாணவன் கையிலும் அக்கருவி தொலைபேசியாக உள்ளது. மூன்று நிமிட எல்லை இல்லை; வாங்குவார் உண்டா என்ற கணக்கும் இல்லை. ஆசிரியர்கள் ஒரு விடுமுறைக்கு ஒரு தோட்டமென மாணவரை அனுப்பட்டும். பாடுபவரின் விருப்பத்தைக் கேட்டே பதியட்டும். பாட்டோடு அவர் பெயரையும், அவருக்குக் கற்பித்தவர் பெயரையும், தோட்டத்தின் பெயரையும், நாளையும் குறித்து வைக்கட்டும். குறித்ததன் ஒரு படி அக்குடும்பத்திடமும், மற்றொன்று பாடசாலை நூலகத்திலும் இருக்கட்டும்.

இசைத்தட்டு வாணிபம் நம் மலையைக் கடந்து போய்விட்டது. அதற்காக இனி வருந்திப் பயனில்லை. பாடத் தெரிந்த முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். அவர்களிடம் செல்வதே இப்போது வேண்டுவது.